மதில் பாசியும் மண்ணில் உள்ள பார உலோகமும்: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆய்வுகூட உதவியாளர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, மாரி காலத்தில் பாடசாலைப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மதில் மதிலாகப் பாசி எடுக்கப் போவது எனக்கு வழக்கமாகிவிட்டது. அந்தப் பாசியில் ஈயம் போன்ற பார உலோகங்கள் எவ்வளவு இருக்கின்றன என்று ஆய்வுகூடத்தில் அளந்து பார்க்கத்தான் எடுக்கிறோம். வீதியில் நின்று வேடிக்கை பார்ப்பவர்களும் பிள்ளைகளின் பெற்றோரும் கேட்பவை சுற்றிச் சுற்றி ஒரே கேள்விகள்தான். அவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே எழுதி, கீழே பதிலை வைத்திருக்கிறேன்.

பாசி எண்டா குளத்தில மிதக்கிறதுதானே? அதுக்கு ஏன் மதிலைச் சுரண்டுறீங்கள்?

தமிழில் இரண்டு வேறு உயிர்களுக்கு ஒரே பெயரை வைத்துவிட்டோம், அதுதான் சிக்கல். குளத்தில் மிதப்பதும் கிணற்றடிச் சீமெந்தில் வழுக்குவதும் அல்கா. மதிலிலும் ஓட்டிலும் மரத்தடியிலும் பச்சைக் கம்பளிபோல மெத்தென்று இருப்பது வேறு. அதற்குக் குட்டித் தண்டு உண்டு, குட்டி இலை உண்டு. பாடப்புத்தகத்தில் பிரயோபைற்றா என்று படித்திருப்பீர்கள்.

வித்தியாசம் கண்டுபிடிக்க நகம் போதும். கிள்ளினால் கொழகொழவென்று வந்தால் அல்கா. சில மில்லிமீற்றர் உயரமான செடிச் சிறுகூட்டமாகப் பெயர்ந்து வந்தால் நாம் தேடுவது. இந்தப் பக்கம் முழுக்கப் பாசி என்று நான் சொல்வது இதைத்தான்.

சரி, அதுக்கும் ஈயத்துக்கும் என்ன சம்பந்தம்?

பாசிக்கு உண்மையான வேர் இல்லை. மதிலைப் பிடித்துக்கொள்ள நூல்போன்ற சில இழைகள் இருக்கின்றன, அவ்வளவுதான். மாமர இலையில் மினுங்கும் மெழுகுப் பூச்சும் பாசி இலைக்கு இல்லை என்றே சொல்லலாம். பெரும்பாலான பாசிகளில் இலை ஒரேயொரு கலத் தடிப்புத்தான். ஆகவே மழையிலும் பனியிலும் தூசியிலும் மேலே வந்து விழுவதை உடம்பு முழுவதாலும் உறிஞ்சிக்கொள்கிறது.

இன்னொன்று. அதன் கலச்சுவரில் எதிரேற்றமுள்ள இடங்கள் நிறைய உண்டு. உலோக அயன்கள், அதாவது மின்னேற்றம் பெற்ற உலோக அணுக்கள், நேரேற்றம் கொண்டவை, வந்து ஒட்டிக்கொள்கின்றன. ஈயமும் செம்பும் இறுக ஒட்டும். நாகமும் (துத்தநாகம்) கட்மியமும் அவ்வளவு இறுக்கமில்லை. சுவீடனில் ரூலிங், டைலர் என்ற இருவர் 1960களின் பிற்பகுதியில் இதை வைத்துத்தான் நாடு முழுக்க உலோகப் படிவை அளக்கும் முறையைத் தொடங்கினார்கள். 1990 முதல் ஐரோப்பாவில் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை இந்தக் கணக்கெடுப்பு நடக்கிறது. 1990க்கும் 2010க்கும் இடையில் அங்கே பாசியிலிருந்த ஈயம் முக்கால் பங்குக்கு மேல் குறைந்தது. பெற்றோலிலிருந்து ஈயத்தை எடுத்த கதை அப்படியே பாசியில் பதிந்திருக்கிறது.

அப்ப மண்ணில நஞ்சு இருக்கா எண்டு பாசியைப் பாத்தாலே தெரிஞ்சிடும், அப்பிடித்தானே?

இல்லை. நான் அதிகம் திருத்த வேண்டியிருப்பது இந்த நினைப்பைத்தான். மேலே சொன்னபடி பாசி பிடிப்பது வானத்திலிருந்து விழுவதை. மண்ணுக்குள் பத்து அங்குலத்தில் என்ன கிடக்கிறது என்பது அதற்குத் தெரியாது. பழைய குப்பைமேட்டை மூடி, மேலே நல்ல மண் கொட்டி, அதில் பாசி முளைத்தால் அந்தப் பாசி சுத்தமாகத்தான் இருக்கும்.

ஆனால் முழுக்கத் தொடர்பில்லை என்றும் சொல்ல முடியாது. காற்றில் வந்து விழும் உலோகம் கடைசியில் மேல்மண்ணில்தான் போய்ச் சேர்கிறது. மண்ணிலேயே வளரும் குட்டையான பாசி மண்ணீரைத் தன் தண்டோடு மேலே இழுக்கும், மண் துகளும் அதில் ஒட்டும். ஆகவே பாசி ஒரு துப்புத் தரும்: எந்த மூலையில் மண்ணைத் தோண்டிப் பரிசோதிக்க வேண்டும் என்று. நூறு இடத்தில் மண் பரிசோதிக்கப் பணம் இல்லாதபோது அந்தத் துப்புப் பெரிய விசயம். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது.

ஒரு குறிப்பிட்ட பாசி முளைச்சாலே கீழ செம்பு இருக்கெண்டு அர்த்தமாம். உண்மையா?

உண்மைதான். ஆனால் அது அரிதான வகை. செம்புப் பாசிகள் என்று ஒரு சிறு கூட்டம் இருக்கிறது. மற்றச் செடிகள் கருகும் அளவு செம்பு உள்ள இடத்தில் அவை செழிக்கும். யப்பானில் ஸ்கோபெலோபிலா என்ற ஒன்றுக்கு ஊர்ப்பெயரே ஹொன்மொன்ஜிப் பாசி. டோக்கியோவில் உள்ள ஹொன்மொன்ஜி கோயிலின் பெயர் அது. செம்புத் தகடு வேய்ந்த கோயில் கூரைகளிலிருந்து மழைநீர் சொட்டும் இடங்களில் அது வளரும்.

இதைக் கேட்டுவிட்டு ஒரு மாணவி, நம்மூர்க் கோயில்களில் செம்புக் கலசத்துக்குக் கீழே பார்ப்போமா என்று கேட்டாள். நல்ல கேள்வி. நான் இன்னும் ஏறிப் பார்க்கவில்லை, ஐயர் விடமாட்டார்.

எங்கட தெருவில பாசியே இல்லை. காத்து அவ்வளவு மோசமா?

பயப்பட வேண்டாம். திருகோணமலையில் பாசி இல்லாததற்கு முதல் காரணம் வெயில். நமக்கு மழையின் பெரும்பகுதி ஐப்பசிக்கும் தைக்கும் இடையில் வாடைக்காற்றோடு வருகிறது. பிறகு வைகாசி தொடக்கம் கச்சான் காற்று அடித்து எல்லாவற்றையும் காயவைத்துவிடும். பாசி அப்போது சாவதில்லை. கறுத்துச் சுருண்டு தூங்கும். ஒரு கை தண்ணீர் தெளித்துப் பாருங்கள், கண் முன்னாலேயே இலை விரியும். பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல மாயவித்தை நான் காட்டியதில்லை.

கந்தக வாயு அதிகமான நகரங்களில் பாசியும், மரப்பட்டையில் திட்டுத் திட்டாகப் படரும் லைக்கனும் மறைந்துபோனது உண்டுதான். ஆனால் ஈயத்தையும் நாகத்தையும் பல பாசிகள் கூசாமல் தாங்கும். ஆகவே பாசி பச்சைப் பசேலென்று இருப்பது சுத்தத்துக்கும் சான்று இல்லை. இருக்கிறதா இல்லையா என்பதை விட்டுவிட்டு, அதற்குள் என்ன இருக்கிறது என்று அளக்க வேண்டும்.

எந்தப் பாசியை எடுக்கிறது?

மேலே சொன்ன ஐரோப்பியக் கணக்கெடுப்பின் கையேட்டில் சொல்லும் காட்டுப் பாசிகள் இங்கே இல்லை. அவை நிலத்தில் கம்பளம்போல விரிபவை. நமக்குக் கைக்கு எட்டுவது இரண்டு. சீமெந்து மதிலிலும் மதகிலும் அடர்பச்சையாக ஒட்டியிருக்கும் ஹையோபிலா ஒன்று. தென்னை, பனை அடிமரத்தில் வெளிறிய பச்சையாக, காய்ந்தால் வெள்ளையாகத் தெரியும் ஒக்டோபிளெபாரம் மற்றது.

எதையாவது ஒன்றைத் தேர்ந்து கடைசிவரை அதையே எடுங்கள். உப்புவெளியில் மதில் பாசி, தம்பலகாமத்தில் தென்னம்பாசி என்று எடுத்துவிட்டு இரண்டையும் ஒப்பிட்டால் ஒன்றும் விளங்காது. வகைக்கு வகை உறிஞ்சும் திறன் வேறு. மதில் பாசிக்குச் சீமெந்தின் கல்சியம் கீழிருந்து வந்துகொண்டே இருக்கும், மரப்பாசிக்கு அது இல்லை.

எப்ப எடுக்கோணும், எப்பிடி எடுக்கோணும்?

நான் மழை ஓய்ந்த பிறகு, மாசி பங்குனியில் எடுப்பேன். எல்லா இடத்திலும் ஒரே வாரத்துக்குள் எடுத்து முடிக்க வேண்டும். ஒரு இடத்தில் ஒரு கொத்து மட்டும் போதாது. ஐந்து முதல் பத்து இடத்தில் சிறிது சிறிதாகக் கிள்ளி ஒன்றாகச் சேர்க்க வேண்டும். பவுடர் பூசாத கையுறை, பிளாத்திக்குச் சாமணம், சுத்தமான கடதாசி உறை. பழைய பத்திரிகையில் பொதியக் கூடாது, மை இருக்கிறது. பக்கத்தில் நின்று சிகரட் பிடிப்பவரை அன்பாகத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள், புகையிலையில் கட்மியம் உண்டு.

மேலே உள்ள பச்சைப் பகுதி மட்டும் வேண்டும். அடியில் உள்ள பழுப்பை வெட்டிவிட வேண்டும். 40 பாகைக்கு மேல் போகாமல் உலர்த்த வேண்டும், சூடு கூடினால் பாதரசம் ஆவியாகிப் போய்விடும். கோட்டைச் சுவரில் கை வைக்க வேண்டாம், அது தொல்பொருள் பாதுகாப்பில் உள்ள இடம். அங்குள்ள மான்கள் நம்மைப் பார்த்துச் சிரிக்கும்.

தூசி இருக்கே, வடிவாக் கழுவிப்போட்டுக் குடுக்கலாமா?

கூடாது. அந்தத் தூசியும் கணக்கில்தான் சேரும். பைப்பைத் திறந்து பிடித்துக் கழுவினால் எதை அளக்க வந்தோமோ அதுவும் கொஞ்சம் போய்விடும், குழாய்நீரில் உள்ளது வந்து ஒட்டும். வெறும் கண்ணுக்குத் தெரியும் மணல், சருகு, எறும்பு ஆகியவற்றைச் சாமணத்தால் பொறுக்கி எடுங்கள், போதும்.

எங்கட மதில் பாசியில நாகம் எக்கச்சக்கமா வந்திருக்கு. என்ன செய்யிறது?

முதலில் அண்ணாந்து பாருங்கள். மேலே தகரக் கூரை இருக்கிறதா? தகரத்தின் பூச்சே நாகம்தான். மழைக்கு மழை கரைந்து சொட்டும். என் முதல் வருடத்தில் நானே இப்படி ஏமாந்தேன். ஒரு இடத்தில் மட்டும் நாகம் மலைபோல ஏறியிருந்தது. இரண்டு நாள் ஏதேதோ கதை கட்டிவிட்டு, மூன்றாம் நாள் போய்ப் பார்த்தால் நாங்கள் பாசி எடுத்தது ஒரு கொட்டிலின் பீலிக்கு நேர் கீழே.

கூரைச் சொட்டு, கம்பி வேலி, பெயின்ற் உரியும் படலை, மின்கம்பத்தடி எல்லாவற்றிலிருந்தும் தள்ளி எடுங்கள். ஐரோப்பியக் கையேடு பெரிய வீதியிலிருந்து 300 மீற்றர், சிறு வீதியிலிருந்தும் வீட்டிலிருந்தும் 100 மீற்றர் தள்ளச் சொல்கிறது. நகருக்குள் அது நடக்கிற காரியமில்லை. முடியாவிட்டால் எல்லா மாதிரியையும் வீதியிலிருந்து ஒரே தூரத்தில் எடுங்கள், ஒப்பிடவாவது முடியும்.

இத்தனை மில்லிகிராமுக்கு மேல எண்டா ஆபத்து எண்டு ஒரு எல்லை இருக்குமே, அதைச் சொல்லுங்கோ.

பாசிக்கு அப்படி எல்லை கிடையாது. குடிநீருக்கு எல்லை உண்டு, ஏனென்றால் நாம் குடிக்கிறோம். பாசியை யாரும் தின்பதில்லை. ஆய்வுகூடம் தரும் எண், ஒரு கிலோ உலர் பாசியில் இத்தனை மில்லிகிராம் என்பது. அதைத் தூரத்து இடம் ஒன்றின் எண்ணோடு ஒப்பிட்டால்தான் அர்த்தம். நாங்கள் ஒவ்வொரு முறையும் கன்னியாவுக்கு அப்பால் வீதியை விட்டு உள்ளே தள்ளி ஒரு இடத்தை ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்வோம்.

ஆய்வுகூடத் தாளில் எண்ணுக்கு முன்னால் இதைவிடச் சிறிது என்ற அடையாளம் (<) போட்டிருந்தால், கருவி பிடிக்கக்கூடிய அளவுக்குக் கீழே இருக்கிறது என்று பொருள். பூச்சியம் என்று எழுதிவிடாதீர்கள்.

உயர்ந்திருக்கிறது காத்தில வந்ததா, மண் தூசி ஒட்டினதா? எப்பிடிப் பிரிச்சறியிறது?

நல்ல இடத்தில் கேட்டீர்கள். கச்சான் காலத்தில் நம்மூர்ச் செம்மண் தூசி எல்லாவற்றிலும் படிகிறது. வழமையான தந்திரம், அலுமினியத்தையும் தைத்தேனியத்தையும் சேர்த்து அளப்பது. அவை மண்ணில் நிறைய உண்டு, பாசிக்கோ தேவையில்லை. ஈயம் உயரும்போது அவையும் அதே விகிதத்தில் உயர்ந்தால் ஒட்டியது மண். ஈயம் மட்டும் தனியே உயர்ந்தால் வேறு எங்கிருந்தோ வந்தது.

ஆனால் புல்மோட்டைப் பக்கம் போனால் இந்தத் தந்திரத்தில் பாதி விழுந்துவிடும். அங்கே கடற்கரை மணலே இல்மனைற்றும் ரூட்டைலும், அதாவது தைத்தேனியத் தாது. கடற்காற்று அதை அள்ளிப் பாசியில் போட்டால், உள்நாட்டு மண்ணின் விகிதத்தை வைத்துப் போட்ட கணக்குத் தலைகீழாகும். அங்கே அலுமினியத்தை நம்புங்கள், அந்த இடத்து மண்ணையே ஒரு பை எடுத்து அதன் விகிதத்தையும் அளந்துகொள்ளுங்கள்.

கடற்கரையில எடுத்தது குறைவா வந்திருக்கு. அங்க காத்துச் சுத்தம் எண்டு எழுதலாமா?

எழுதும் முன் உப்பை நினைத்துப் பாருங்கள். இரண்டாம் பதிலில் சொன்ன அதே ஒட்டும் இடங்களுக்குக் கடற்சாரலின் சோடியமும் மக்னீசியமும் போட்டிக்கு வரும். ஏற்கெனவே ஒட்டியிருக்கும் நாகம் போன்றவற்றைக் கிளப்பியும் விடும். நிலாவெளிக் கரையில் ஈயம் அவ்வளவு இளகாது, நாகமும் கட்மியமும் உள்ளதைவிடக் குறைவாகத் தெரியலாம். சீமெந்துத் தூசி படியும் இடங்களில் கல்சியம் இதே வேலையைப் பார்க்கும். கரையைக் கரையோடும், கரையை விட்டு உள்ளே தள்ளிய இடத்தை அதே மாதிரி இடத்தோடும் ஒப்பிடுங்கள்.

துறைமுகத்தை அண்டி எடுப்பவர்கள் வனேடியத்தையும் நிக்கலையும் சேர்த்துக் கேளுங்கள். கப்பல்கள் எரிக்கும் கனமான எண்ணெயில் அவை இரண்டும் கூடவே வரும், புகையின் கைரேகை மாதிரி. சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளைக் காட்டி அதனால்தானா என்று கேட்கிறார்கள். தாங்கியில் எண்ணெய் இருப்பதால் அந்த ரேகை வராது, எரிந்தால்தான் வரும்.

இலங்கையில ஈயம் கலந்த பெற்றோல் எப்பவோ நிண்டுபோச்சே. பிறகென்ன ஈயம்?

2002இல் நின்றது. ஆனால் ஈயம் மக்கிப் போகாது, கரைந்து ஆழத்துக்கும் எளிதில் இறங்காது. அதற்கு முன் விழுந்தது பழைய வீதியோரங்களின் மேல்மண்ணில் இன்னும் கிடக்கிறது. லொறி போகும்போது கிளம்பும் தூசியில் மறுபடி எழுந்து பாசிக்கு வரும். அது போக பழைய பெயின்ற், பற்றறி உடைக்கும் இடம், வலைக்கு ஈயக்கட்டி வார்க்கும் வாடி.

பாசியில இருக்கிறது எத்தனை வருசக் கதை?

ஐரோப்பாவின் சில காட்டுப் பாசிகளில் வருடத்துக்கு ஒரு படி என்று வளர்ச்சி தெரியும், எண்ணிவிடலாம். நமது மதில் பாசியில் அப்படி இல்லை. ஆகவே போன மாதம் நடந்தது இது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

காலம் தெரிய வேண்டுமென்றால் பாசிப் பை தொங்கவிடுங்கள். சுத்தமான இடத்துப் பாசியைத் துப்புரவாக்கி, சம அளவாக நிறுத்து, நைலோன் வலைப்பையில் போட்டு, எல்லா இடத்திலும் ஒரே உயரத்தில் சில வாரம் தொங்கவிட வேண்டும். ஒரு பையைத் தொங்கவிடாமல் மூடி வையுங்கள், கடைசியில் கழித்துப் பார்க்க. 1970களின் தொடக்கத்தில் வேல்சில் உலோக உலைகள் இருந்த பள்ளத்தாக்கில் இந்த முறை பிறந்தது. பாசி முளைக்காத கோடையிலும் செய்யலாம் என்பதால் நமக்கு இதுதான் பொருத்தம் என்பது என் எண்ணம்.

பையில தொங்கவிட்டா வெயிலுக்குச் செத்துப் போகுமே?

சாகட்டும். ஒட்டும் வேலை கலச்சுவருடையது, அதற்கு உயிர் தேவையில்லை. பலர் வேண்டுமென்றே சூடாக்கிக் கொன்றுவிட்டுத்தான் தொங்கவிடுகிறார்கள். நடுவில் வளர்ந்து எடையைக் குழப்பாது என்பது அதில் ஒரு வசதி.

பதவி சிறிபுரப் பக்கம் சிறுநீரக வருத்தம் கூட. பாசி எடுத்து அதுக்குக் காரணம் கண்டுபிடிக்கலாமே?

முடியாது, தயவுசெய்து அப்படி ஒரு வாக்குறுதியோடு அந்த வீடுகளுக்குப் போகாதீர்கள். அந்த நோயின் காரணம் பற்றி ஆராய்ச்சியாளர்களிடையே இன்னும் ஒரே முடிவு இல்லை. சந்தேகப்படுபவை பெரும்பாலும் தண்ணீர், உணவு, வெக்கை, வயல் இரசாயனம். பாசி சொல்வது காற்றின் கதை. அங்கே கிணற்று நீரைத்தான் பரிசோதிக்க வேண்டும்.

எண் கூட வந்திட்டுது. பக்கத்து ஆலைதான் எண்டு முறைப்பாடு போடலாமா?

பாசியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு போடாதீர்கள், முதல் விசாரணையிலேயே உடைத்துவிடுவார்கள். தகரக் கூரையும் உப்பும் மணலும் எப்படி விளையாடும் என்று மேலே பார்த்தோம்.

அமெரிக்காவின் போட்லண்டில் நடந்ததைச் சொல்கிறேன். 2013இல் வனத்துறை ஆராய்ச்சியாளர்கள் தெருமரங்களிலிருந்து 346 பாசி மாதிரிகள் எடுத்தார்கள். வரைபடத்தில் போட்டபோது கட்மியம் ஒரு இடத்தில் குவிந்தது. அங்கே வண்ணக் கண்ணாடித் தொழிற்சாலை இருந்தது. உடனே குற்றம் சாட்டவில்லை. காற்று அளக்கும் கருவியை அந்த இடத்தில் வைத்தார்கள், கருவியும் அதையே சொன்னது, அதன் பிறகுதான் நடவடிக்கை. நீங்களும் வரைபடத்தோடு மத்திய சுற்றாடல் அதிகார சபைக்குப் போய், இந்த இடத்தில் அளந்து பாருங்கள் என்று கேளுங்கள். பாடசாலை அறிக்கையில் யாருடைய பெயரும் வேண்டாம்.

பாசியை நட்டு மண்ணைச் சுத்தமாக்கலாமா?

ஒரு வளவுப் பாசி முழுவதையும் வழித்தாலும் ஒரு வாளி வராது. அதிலுள்ள உலோகம் சில மில்லிகிராம். இல்லை.

வீட்டுத் தோட்டத்தில கீரை போட்டிருக்கிறன். அதுக்காவது பாசி உதவுமா?

மூன்றாம் பதிலைப் பாருங்கள். கீரைக்கு மண்தான் முக்கியம். தோட்டத்தில் பத்து இடத்தில் ஒரு சாண் ஆழம்வரை மண் எடுத்து, கலந்து, ஒரு மாதிரியாக்கி ஆய்வுகூடத்துக்குக் கொடுங்கள். கட்மியம் இலைக்கு எளிதாக ஏறும். ஈயம் பெரும்பாலும் மண் துகளாகக் கீரையின் மேல்தான் ஒட்டியிருக்கும், நன்றாக அலசினால் நிறையப் போகும். புளிப்பு மண்ணில் உலோகம் கூடுதலாக இளகும். சாணகமும் இலைக்குப்பையும் போட்டால் அதைப் பிடித்து வைக்கும்.

எங்கட வாடிக்குப் பின்னால வலைக்கு ஈயம் உருக்கிறவை. பிள்ளையள் அங்கதான் விளையாடுதுகள். ஒருக்கா வந்து பாசி எடுத்துப் பாக்கிறீங்களா?

வரமாட்டேன், அக்கா. அங்கே ஈயம் இருப்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பாசி காய்ந்து, அரைத்து, அமிலத்தில் கரைத்து எண் வர ஒரு மாதம் போகும். அந்த மாதம் முழுக்கப் பிள்ளைகள் அந்த மண்ணிலேயே விளையாடுவார்கள்.

இன்றைக்கே பிள்ளைகளை வேறு இடத்துக்கு மாற்றுங்கள். உருக்குவதை வீட்டிலிருந்தும் கிணற்றிலிருந்தும் தள்ளிக் கொண்டுபோகச் சொல்லுங்கள். உருக்கியவர் அந்தச் சட்டையோடு வீட்டுக்குள் வந்து பிள்ளையைத் தூக்கக் கூடாது. சாப்பிட முன் கை கழுவ வேண்டும், வீட்டை ஈரத் துணியால் துடைக்க வேண்டும். உருக்கிய இடத்தின் மேல்மண்ணைக் கிளறாமல் நல்ல மண்ணோ சீமெந்தோ போட்டு மூடுங்கள். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போய், இப்படி ஒரு இடத்தில் பிள்ளைகள் விளையாடினார்கள், இரத்தத்தில் ஈயம் பார்க்க வேண்டும் என்று டொக்டரிடம் சொல்லுங்கள்.